கிச்சன் எண்டு சொல்லுங்கோ

“அம்மா, குசினி எண்டு சொல்லாதேங்கோ. கிச்சன் எண்டு சொல்லுங்கோ. என்ர சென்னை பிரெண்ட்ஸ் சிரிக்கினம்.”

புலம்பெயர்ந்து குடியிருந்த மெரிலேண்ட்ஸ் வீட்டில் இப்படித் திருத்தித் திருத்தியே மயூரா தன் அம்மா சிவனேஸ்வரியை அரை ஊமையாக்கியிருந்தாள். இப்போது பொதுச் சுகாதாரம் படிக்க ஒரு செமஸ்டர் சிலி நாட்டுக்குப் போயிருந்தாள். ஸ்பானிஷ் நன்றாக வரவேண்டும் என்று அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் அந்த வீட்டுக்காரி எல்விரா எட்டிப் பார்த்தாள்.

“அவவுக்கு இங்கிலீஷ் தெரியாது, உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாது. நான் சார்ஜர் எடுத்துக்கொண்டு வாறன். அதுவரைக்கும் சும்மா சிரிச்சுக்கொண்டிருங்கோ. கதைச்சு என்ர மானத்தை வாங்காதேங்கோ.”

சிவனேஸ்வரி சிரித்தாள்தான். ஆனால் எல்விராவுக்குப் பின்னால், மேசையில் ரொட்டிக்குப் பக்கத்தில் மகளின் ஷூவைக் கண்டதும் வாய் சும்மா இருக்கவில்லை.

மயூரா திரும்பி வந்தபோது எல்விரா கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் படபடவென்று ஏதோ கேட்டாள். மயூராவின் முகம் சுருங்கியது.

“என்னவாம், பிள்ளை?”

“உன்ர அம்மா நல்லா ஸ்பானிஷ் கதைக்கிறா, உனக்கு ஏன் படிப்பிக்கேல்லை எண்டு கேக்கிறா. அப்பிடி என்னம்மா சொன்னீங்கள்?”

“குசினி மேசையில, பாணுக்குப் பக்கத்தில, உன்ர சப்பாத்து கிடக்குது எண்டு சொன்னனான். அவ ‘கொசினா, மேசா, பான், சபாத்தோ’ எண்டு தன்ர ஸ்பானிஷில திருப்பிச் சொல்லிப்போட்டு, உடன அதைத் தூக்கிக் கீழ வைச்சிட்டா.”

சிவனேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள்.

“அவவையும் கிச்சன் எண்டு சொல்லச் சொல்லு, பிள்ளை. உன்ர சென்னை பிரெண்ட்ஸ் சிரிக்கப்போகினம்.”