பேட்டரி எங்கே?

மட்டாஞ்சேரி ஃபிளாட்டுக்குள் நுழைந்ததுமே வெங்கிடேஸ்வரன் கூரையில் இருந்த புகை அலாரத்தைக் கம்பால் அமுக்கிப் பார்த்தார். சத்தமே இல்லை.

"பேட்டரி எங்கே?"

"கழட்டி வெச்சிருக்கேன். அப்பளம் சுட்டாலே கத்தறது" என்றான் ஷங்கர்.

"முதல்ல போடுங்கோ. கேஸை மூடியாச்சா? கர்ட்டனை அவிழுங்கோ. பக்கெட்ல தண்ணி எங்கே?"

ஷங்கரும் அவன் மனைவி ஸ்வர்ணலதாவும் ஓடி ஓடிச் செய்தார்கள். அலாரம் வீறிட்ட பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

"போன வருஷம் வந்தவர் இத்தனை பார்க்கலையே" என்று முணுமுணுத்தாள் ஸ்வர்ணலதா.

வெங்கிடேஸ்வர சாஸ்திரிகள் மணையில் உட்கார்ந்து, ஹோமகுண்டத்தில் சமித்தை அடுக்கினார்.

"போன வாரம் இடப்பள்ளியில ஒரு ஆத்துலயும் பேட்டரியைக் கழட்டி வெச்சிருந்தா. கர்ட்டன் பத்திண்டது யாருக்கும் தெரியல. கடைசியில பூர்ணாஹுதியை ஃபயர் ஃபோர்ஸ்காராதான் தண்ணி அடிச்சு முடிச்சு வெச்சா."