ஏலத்தில் ஜெயித்தவள்

பெரியவர்களுக்கான சாயங்காலக் கணக்கு வகுப்பில் ஓரகத்தி சத்யப்பிரியா சேர்ந்ததிலிருந்தே அமுதவல்லிக்கு வயிறு எரிந்தது. சிதம்பரத்தில் மாமியார் முதல் பால்காரர் வரை இப்போது அவளிடம்தான் யோசனை கேட்கிறார்கள்.

அன்று ஐம்பதாயிரம் ரூபாய் ஏலச் சீட்டு. அதிகம் தள்ளிக் கேட்பவருக்கே பணம்.

"எட்டாயிரம் தள்ளி எடுத்துக்கிறேன்," என்றாள் சத்யப்பிரியா.

"ஒம்பது!" மல்லுக்கு நின்றாள் அமுதவல்லி.

"பத்து."

"பதினஞ்சு!"

சத்யப்பிரியா வாயே திறக்கவில்லை.

முப்பத்தைந்தாயிரத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்த அமுதவல்லி சீண்டினாள். "கிளாஸுக்குப் போயி என்னடி பிரயோசனம்? வாயடைச்சுப் போச்சே!"

"பத்துக்கு மேல தள்ளுனா பேங்க் கடனே தேவலக்கா. வீட்லயே கணக்குப் போட்டுட்டுத்தான் வந்தேன். நீங்க விட்ட பதினஞ்சாயிரத்த இருபது பேருக்கும் பிரிக்கிறாங்க. இந்த மாசச் சீட்டுக் காசுல எனக்கு எழுநூத்தம்பது மிச்சம். ஆமா, உங்களுக்கு அப்படி என்னக்கா அவசரச் செலவு?"

அமுதவல்லிக்கு ஒரு செலவும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் கணக்கு வகுப்பின் முதல் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"சத்யப்பிரியா எந்தப் பாடம் வரைக்கும் முடிச்சிருக்கா சார்? எனக்கு அதுக்கு அடுத்த பாடத்துலேர்ந்து ஆரம்பிங்க!"