கேப்டனின் காலடியில்

“எந்திரிக்கப் போறியா இல்லையா நீ?”

“மாட்டேன்னு சொல்லிட்டேன்ல, சும்மா…”

“ஊரே பாக்குது, என் மானம்…”

“போனா போகட்டும். பக்கெட்ல சோப்புத் தண்ணி மிச்சம் இருக்கு, கழுவித் தரேன்.”

கப்பிங்காவுக்கு மேல்மூச்சு வாங்கியது. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பீடத்தின் மேல் கேப்டன் வெர்லிண்டன், வெண்கல மீசையும் வாளுமாக, காங்கோவை நேற்றுதான் விலைக்கு வாங்கியவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கீழே படியில் மடக்கு நாற்காலி போட்டு, கையில் தேய்க்கிற பிரஷ்ஷோடு ஒடெட்.

‘சிலையை எடு’ என்று மழையிலும் பனியிலும் கத்தி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, அன்ட்வெர்ப் நகராட்சியைக் கப்பிங்கா சம்மதிக்க வைத்ததன் பலன் இன்றுதான் கிரேனாக வந்து நின்றது. தகராறு வந்தால் வண்டி திரும்பிவிடும், அப்புறம் தேர்தல் முடிந்துதான் பேச்சு என்று அதிகாரி சொல்லியிருந்தார். வெள்ளைக்காரக் கிழவர்கள் தகராறு செய்வார்கள் என்று அவள் தயாராகத்தான் வந்தாள். தேவாலயப் பாட்டுக் குழுவில் தன் பக்கத்தில் நின்று பாடுகிற ஒடெட் செய்வாள் என்று கனவா கண்டாள்?

ஒடெட்டின் கிறுக்கு புதிதில்லை. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் பக்கெட்டோடு வந்து சிலையைத் தேய்ப்பாள். காங்கோக்காரர்கள் கூடும் முடிவெட்டும் கடையில் அவளுக்கு ‘கேப்டன் பொண்டாட்டி’ என்றே பெயர். இத்தனைக்கும் கேப்டனின் தொப்பியில் புறா எச்சம் தொப்பியைவிடத் தடிமனாக இருந்தது. கேட்டால், “அவ்வளவு உசரம் எனக்கு எட்டாது” என்பாள்.

இன்றைக்கும் கழுவி முடித்து ஓரமாகத்தான் நின்றிருந்தாள். கிரேன்காரன் யூசுப் முதல் கயிற்றை மாட்டியதும் என்ன தோன்றியதோ, நேரே போய் உட்கார்ந்துவிட்டாள்.

நாற்காலி கொடுத்து உதவியவர் ஹெர்மன். காங்கோ பெல்ஜியத்தின் காலனியாக இருந்த நாட்களில் அங்கே அதிகாரியாக இருந்தவர்களின் சங்கத்துக்குத் தலைவர், மிச்சமிருக்கிற ஒரே உறுப்பினரும் அவரேதான். காப்பியும் வாஃபிளும் வாங்கி வந்து அவள் மடியில் வைத்துவிட்டு, பத்திரிகைக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

“பாத்தீங்களா? இதுக்குப் பேர்தான் நன்றி. நாங்க போட்ட ரோடு, கட்டின ஆஸ்பத்திரி, எல்லாத்தையும் இந்த அம்மா ஒருத்திதான் மறக்கல.”

“காப்பியில சக்கரை கம்மி,” என்றாள் ஒடெட்.

கேமராக்கள் மின்னின. நாளைக் காலை ஊர் முழுக்க இந்தப் படம்தான். கப்பிங்கா குரலை இறக்கிப் பார்த்தாள்.

“உங்கப்பாவை நெனச்சுப் பாருடி. கப்பல்ல கரி அள்ளிப் போட்டு வந்த மனுசன்.”

“அவரைத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். கப்பல் வேலை கெடைக்காத நாள்ல ஒரு கிண்ணம் சூப்புக்காகப் பொழுதன்னிக்கும் அசையாம இருந்திருக்காரு. தெரியுமா உனக்கு?”

“அப்படி வரிசையில நின்னு சூப் குடிச்சவர் பொண்ணு, இவனுக்கு முதுகு தேய்க்கறியே. காலடியில நம்ம ஆள் ஒருத்தனையும் வெண்கலத்துல முட்டி போட வெச்சிருக்கான், தலை நிமிரக்கூட விடல. பாக்கக் கூசலையா?”

“கூசுதுதான். இருந்தாலும் வாரா வாரம் வந்து பாக்கறேன்ல.”

“உனக்குப் புத்தி கெட்டுப் போச்சு.”

“உனக்குக் கண்ணு.”

யூசுப் கிரேனிலிருந்து எட்டிப் பார்த்தான். “சண்டை முடிஞ்சதும் ஒரு குரல் குடுங்க. நான் போய் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிட்டு வந்துடறேன்.”

நகராட்சி அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு யூசுப்பைப் பார்த்து விரலைச் சுழற்றினார். வண்டியைத் திருப்பு என்று அர்த்தம். ஹெர்மன் கைதட்டினார், ஒற்றை ஆளாக.

கப்பிங்காவுக்கு வீராப்பு, கூட்டம், கேமரா எல்லாம் மறந்துபோயிற்று. ஒடெட்டின் முன்னால் கல் தரையில் மண்டி போட்டுவிட்டாள்.

“உன் காலைப் பிடிக்கறேன்டி. எந்திரி.”

ஒடெட்டின் முகம் சட்டென்று மாறியது. வாஃபிளைக் கீழே வைத்துவிட்டு, தோழியின் தோளைப் பிடித்து இழுத்தாள்.

“எந்திரி முதல்ல. நீ வேற முட்டி போடாத. இங்க ஒருத்தர் போட்டதே போதும்.”

பிறகு கிரேன் பக்கம் கை நீட்டினாள். “தம்பி, அந்தக் கயித்தை ஏன் கழுத்துல மாட்டின? அவுத்துக் கக்கத்துல குடுத்துக் கட்டு. நான் எந்திரிச்சுக்கறேன்.”

“முட்டி போட்ட பொம்மையா? முன்னாடி இருக்கறதை எடுத்தாத்தான் கேப்டனுக்கு வழி கெடைக்கும்மா. கழுத்துன்னா சட்டுனு வந்துடும்.”

“சட்டுனு வர வேணாம்.”

யூசுப் அதிகாரியைப் பார்த்தான். அதிகாரி தோளைக் குலுக்கினார். முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்து கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, இரண்டு கக்கத்துக்கும் கீழே கொடுத்துக் கட்டினான்.

ஒடெட் எழுந்தாள். நாற்காலியை மடக்கி, கடித்த வாஃபிளோடு ஹெர்மனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

ஹெர்மன் தொப்பியைக் கழற்றித் தலை வணங்கினார். “கேப்டன் சார்பா நன்றி மேடம். கடைசி வரைக்கும் அவர் கூட நின்னீங்க.”

ஒடெட் அவரைத் தாண்டி அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்.

“கேப்டனைத் தலைகீழாக்கூடத் தூக்கிக்கோ தம்பி. எங்கப்பாவை மட்டும் மெதுவாத் தூக்கு, முட்டி மரத்துப் போயிருக்கும்.”