செகண்ட் ஆபிசர் தேவை

"மருமகனா இருந்தாலும் சரி, யாரா இருந்தாலும் சரி. டேங்கர் கோர்ஸ் முடிக்காத ஆளை நான் எண்ணெய்க் கப்பல்ல ஏத்தமாட்டேன்."

சபாபதி கறாராகச் சொல்லிவிட்டார். கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் அந்தக் கிள்ளான் அலுவலகத்துக்கு அவர்தான் மேனேஜர்.

எதிரே நின்ற மருமகன் சுகுமாறனின் முகம் சுண்டிப்போனது.

"எத்தனை மாசமா வீட்ல சும்மா உட்கார்ந்திருக்கேன் மாமா. ஷாமினிதான் உங்ககிட்ட கேக்கச் சொன்னா. கோர்ஸை லீவுல வந்து முடிச்சிடுறேன்."

"நடுக்கடல்ல ஏதாவது ஆச்சுன்னா? ஒருத்தருக்கு விவரம் தெரியலன்னா மொத்தப் பேர் உயிரும் போகும்லா. கிளம்புங்க மாப்பிள்ளை."

சுகுமாறன் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான்.

பக்கத்து மேசையில் இருந்த உர்சுலாவுக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. சொந்த மகள் வீட்டுக்காரரையே திருப்பி அனுப்புகிற மனுஷன். இப்படி ஒருவரிடம் வேலை பார்ப்பதே பெருமைதான்.

ஆனால் இன்றைக்கே ஆள் வேண்டும். அந்தக் கப்பலின் செகண்ட் ஆபிசர் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவர் இடத்துக்கு ஆள் இல்லாமல் கப்பல் துறைமுகத்தை விட்டு நகர அனுமதி கிடையாது.

போன் அடித்தது. மறுபடியும் கேப்டன்தான். அவர் போட்ட சத்தம் உர்சுலா வரைக்கும் கேட்டது.

"சாயங்காலத்துக்குள்ள ஆள் வரலன்னா உங்க ஏஜென்சியே எங்களுக்கு வேணாம்."

சபாபதி போனை வைத்தார். நெற்றி வேர்த்திருந்தது.

"உர்சுலா, வேலை கேட்டுப் பதிஞ்சு வச்சிருக்கானே, சுங்கை வேயில இருக்கிற கென்னத், அவனை உடனே வரச் சொல்லும்மா."

கென்னத் பெட்டியோடு வந்து நின்றான். வேலை கிடைத்த சந்தோஷத்தில் அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"தேங்ஸ் பாஸ். ரொம்ப தேங்ஸ்."

"நல்லபடியா போயிட்டு வாங்க. கார் கீழ நிக்குது," என்று சபாபதி அவன் கையைப் பிடித்துக் குலுக்கி அனுப்பினார்.

கப்பலுக்கு அனுப்ப அவனுடைய சான்றிதழ்களைப் புரட்டிய உர்சுலா திகைத்துப்போனாள்.

"சார், கென்னத்தும் டேங்கர் கோர்ஸ் முடிக்கலயே."

"தெரியும். சர்டிபிகேட் பின்னால வருதுன்னு எழுதி அனுப்பு."

"அப்ப உங்க மருமகனையே அனுப்பியிருக்கலாமே சார்? அவருக்கும் அது ஒண்ணுதானே குறை."

சபாபதி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் தணிந்திருந்தது.

"அந்தக் கப்பல் பம்ப் ரூம்ல கேஸ் கசியுதும்மா. ரிப்பேர் பண்ணவே இல்ல. தெரிஞ்சே என் மகள் புருஷனை எப்படி அனுப்புவேன்?"

உர்சுலா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கைப்பேசியை எடுத்தாள்.

"யாருக்கு?" என்றார் சபாபதி.

அவள் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள்.

"கென்னத், கார்ல ஏறாதீங்க. அந்தக் கப்பலுக்குப் போக வேணாம்."