தொடுவதற்கு முன்பே

"வேரு ஆடிடும், உருவாதீங்கம்மா!" என்று நர்சரிக்காரர் கத்துகிறார். அவள் காதில் வாங்காமல் தொட்டியைச் சாய்த்து, ஆளுயர அலங்காரப் பனையை அடித்தண்டோடு பிடித்து இழுக்கிறாள். மேலே வெயிலில் ஓலைகள் எண்ணெய் தடவியதுபோல் மினுங்குகின்றன. கீழே மண்ணோடு வந்த வேர்கள் கறுத்துப்போய், விரல் பட்டதும் கொழகொழவென்று கையோடு வருகின்றன. சாக்கடை நாற்றம் முகத்தில் அறைகிறது. பக்கத்தில் கணவன் செல்போனை நோண்டிக்கொண்டு நிற்கிறான். இதே கடையில் இலையின் பளபளப்பைப் பார்த்து இரண்டு பனைகளை வாங்கி வந்தவன் அவன்தான். அவை பட்டுப்போனதும், "இவ கை பட்டா எதுவும் விளங்காது" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தவனும் அவன்தான். "இலையைப் பாருங்கம்மா, எப்படி இருக்கு!" என்கிறார் நர்சரிக்காரர். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அழுகல் வழியும் கையைக் கணவனின் மூக்குக்கு நேரே நீட்டுகிறாள். "நல்லா மோந்து பாருங்க. நான் தொடுறதுக்கு முன்னாடியே செத்திருக்கு."