பன்னிரண்டாவது வெட்டு

தராசு ஏழு கிலோ எழுநூறில் நின்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

மூன்று நாளாக அழுத்தத் தொட்டிக்குள் மூழ்கிக் கிடந்த குழாய்த் துண்டு, சங்கிலியில் தொங்கியபடி சொட்டிக்கொண்டிருந்தது. ஆள் உயரம். இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன்.

நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து எண்ணெயைக் கரைக்குக் கொண்டுவரும் குழாய் அது. உள்ளே ரப்பர், சுற்றிலும் அதைத் தண்ணீர் மேல் தாங்கிப் பிடிக்கும் நுரை மிதவை. அந்த மிதவை நான் வடிவமைத்தது.

தொட்டிக்குள் போகும்போது இருந்த எடையைப் பூஜ்யமாக வைத்திருந்த தராசில் இப்போது ஏழு கிலோ எழுநூறு கிராம் கூடியிருந்தது. அவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது. பத்து கிலோ வரை குடிக்கலாம் என்பது விதி. அதற்கு மேல் குடித்தால் கடலில் குழாய் மெல்ல முங்கிவிடும்.

என் முதல் மிதவை பத்தொன்பது கிலோ குடித்தது. இரண்டாவது பதின்மூன்று. இதுவும் மண்ணைக் கவ்வினால் திட்டத்தையே இழுத்து மூடிவிடுவோம் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

முதல் இரண்டையும் கவிழ்த்தவர் எங்கள் சோதனைக்காரர்.

படகின் விசிறி கீறும், நங்கூரச் சங்கிலி உரசும். கடல் என்னென்ன செய்யுமோ, அதையெல்லாம் முன்கூட்டியே கத்தியால் செய்து பார்ப்பது அவர் வேலை. பன்னிரண்டு வெட்டு, ஒவ்வொன்றும் நாலு விரல் ஆழம். பட்டறையில் அவருக்குக் கசாப்புக்கடை என்று பேர். யாருக்கும் தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டார்.

அதனால்தான் இந்த முறை நுரையை ஒரே பாளமாக ஊற்றவில்லை. சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவர் வைத்தேன். ஓர் அறை கிழிந்தால் அது மட்டும் குடிக்கும், பக்கத்து அறைக்கு விடாது.

வெட்டுப்பட்ட அறை ஒன்று எழுநூறு கிராம் குடிக்கும். ஐம்பது அறைகளைத் தனித்தனியாக வெட்டி முக்கி எடுத்துப் பார்த்த கணக்கு இது. பத்து கிராம் முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான்.

அப்படியென்றால் பன்னிரண்டு வெட்டுக்கு எட்டு கிலோ நானூறு வந்திருக்க வேண்டும். எழுநூறு கிராம் குறைகிறது. ஏதோ ஓர் அறை சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் காய்ந்து கிடக்கிறது.

"கம்மியாத்தானேம்மா குடிச்சிருக்கு! சந்தோஷப்படுவியா, அதை விட்டுட்டு உம்முனு நிக்கறியே" என்றார் மேலாளர், பேனா மூடியைத் திறந்துகொண்டே.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இது என்ன சர்க்கரைப் பரிசோதனையா, குறைந்தால் சந்தோஷப்பட?

மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து, வெட்டு வெட்டாக விட்டுப் பார்த்தேன். பதினொன்றில் நாலு விரல் ஆழம் சரியாக இறங்கியது. பன்னிரண்டாவதில் இரண்டு விரலோடு, அறையை எட்டாமல் மேல் உறையிலேயே முட்டி நின்றுவிட்டது.

அது குழாயின் கழுத்து. அடுத்த குழாயோடு போல்ட் போட்டுச் சேர்க்கிற முனை. அலையில் அதிகம் வளைவது அந்த இடம்தான். என் முதல் இரண்டு மிதவைகளும் தண்ணீரை உள்ளே விட்டதும் அங்கேதான்.

எங்கே சாகுமோ அங்கே வெட்டே விழவில்லை! அப்புறம் இது ஜெயித்தது என்று எந்த முகத்தோடு சொல்வது?

"கையெழுத்துப் போடாதீங்க சார். அந்த ஒரு வெட்டை முழுசா வெட்டி, மறுபடியும் மூணு நாள் முக்கணும்."

மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "வலிய வந்து வம்பை விலைக்கு வாங்கறியேம்மா" என்று முனகியபடி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

எனக்குத் துளிப் பயம் இல்லை. அந்தக் கழுத்தில் சுவரை இரட்டையாக்கி, வளைகிற பக்கம் மடிப்பு விட்டுக் கட்டியவள் நான். முழுசாக வெட்டினாலும் எட்டு நானூறைத் தாண்டாது என்று அடித்துச் சொல்வேன். மூன்று நாள் கழித்துத் தராசும் அதையேதான் சொன்னது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லவந்தது அது இல்லை.

சோதனைக்காரர் சுவரோரம் நின்று கத்தியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

நேரே போய் அவர் எதிரில் நின்றேன்.

"ஏன் சார், கழுத்துல மட்டும் உங்க கத்திக்கு என்ன ஆச்சு?"

துடைப்பதை நிறுத்தினார். பிறகு, வெளியே யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"போன தடவை பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அரைமணி நேரம் அழுதியே. வெளியில உக்காந்திருந்த எனக்குக் கேட்டுச்சுடி."

பட்டறைக் கேட்டுக்குள் வந்துவிட்டால் புருஷன் பெண்டாட்டி கிடையாது என்று, வேலைக்குச் சேர்ந்த அன்றே பேசி வைத்துக்கொண்டோம். ஏழு வருஷமாக இங்கே என்னை 'மேடம்' என்று மட்டுமே கூப்பிட்ட மனுஷன்.

கோபம் வந்தது. கூடவே அவர் மேல் அப்படி ஓர் ஆசையும் வந்தது.

"அது அழுது முடிஞ்ச கதை. இது நிக்கும். என் மேல நம்பிக்கை இருந்தா முழுசா இறக்குங்க."

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பாதியில் நின்ற வெட்டிலேயே கத்தியை வைத்து, பிடி வரைக்கும் இறக்கினார்.

அவ்வளவு ஆசையாக அவர் எனக்குப் பூகூட வாங்கிக் கொடுத்ததில்லை.