வெட்டுப்பட்ட செம்பு

செவிக்கருவிக்குச் சர்க்யூட் போர்டு வரைவது என் வேலை. யாரும் பேசாத நேரத்தில் காதுக்குள் விளம்பரம் ஓட்டும் சில்லு ஒன்று புதிதாக வந்தது. அதற்கு இடம் விட, சிக்னல்கள் திரும்பிப் போகும் பாதையான கிரவுண்ட் செம்புத் தளத்தை நடுவில் வெட்டச் சொன்னார் மேலாளர் தயாநிதி.

"வெட்டினா சிக்னல் நேரா திரும்ப வழியில்லாம சுத்திட்டு வரும் சார். ஆள் பேசும்போதும் விளம்பரம் அடியில கசியும்."

"கசிஞ்சா கசியட்டும், ஜெசிந்தா," என்றார், பல் குத்திக்கொண்டே.

வெட்டினேன். கையெழுத்தும் போட்டேன்.

என் கணவர் சேவியருக்கும் அதே கருவிதான். அவருடைய அப்பாவை அடக்கம் செய்தபோது, ஃபாதரின் ஜெபத்துக்கு நடுவே, குழியருகே கைகூப்பி நின்றபடி சோப்பு விளம்பரப் பாட்டை முணுமுணுத்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தது அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் தயாநிதியிடம் சொன்னேன். பல்குச்சியைக் கீழே வைத்தார்.

"வரி மாறாம பாடினாரா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.